அடைக்காத ஜெட்

செமோர் ஊரில் மாமியாரின் கருமக்கிரியை நேற்றுத்தான் முடிந்தது. அவர் உயிர் ஊசலாடிய அன்று, டிவியில் பந்தாட்டம் பார்க்கும் ஆசையில், "கார்புரேட்டர் அடைச்சுக்கிச்சு, நாளைக்குப் போலாம்லா" என்று மனைவி தினேஸ்வரியிடம் கனகராஜ் சொன்ன பொய், இதோ வாசலில் கழன்று கிடக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள் மீது மாலை வெயில் சாய்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலில் ஒரு தூசி இல்லை. கழற்றிய திருகுகளைத் தட்டில் ஏந்தி எதிரே குந்தியிருக்கிறாள் தினேஸ்வரி. "இந்தச் சனியன் ரோசாக் ஆயி படுக்காம இருந்திருந்தா, எங்கம்மா மொகத்த உசுரோட பாத்திருப்பேன்." அவன் தலை நிமிராமல், அழுக்கு எடுத்ததுபோல் காட்ட, சங்கிலி மசகைத் தொட்டுத் தொட்டுத் துணியைக் கறுப்பாக்குகிறான். அவள் கார்புரேட்டரின் பித்தளை ஜெட்டை எடுத்து, ஒரு கண்ணை மூடி, பெட்ரோல் பாயும் அதன் ஊசித்துளையை வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். "நல்லா தொடச்சிட்டீங்க, வெளிச்சம் தெரியுது." அதை அவன் இன்னும் தொடவே இல்லை.