பதினோராவது பொருத்தம்

பெண் பார்க்க வந்தவர்கள் பத்துப் பொருத்தத்தை ஜோசியரிடம் விட்டுவிட்டு, பதினோராவதை நேரிலேயே கேட்டார்கள்.

"பொண்ணு எந்த போன்? நாங்க பரம்பரையா நீலம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா வத்சலா.

நாங்கள் பச்சை. நீலக்காரர்களின் அரட்டைச் செயலி பச்சை போனில் ஓடாது. வீட்டாருக்குள் வாய்விட்டுப் பேசுவதோ இப்போது நாகரிகமில்லை, எல்லாம் செயலியில்தான்.

"நீலம்தாங்க," என்றேன், கூசாமல்.

மகள் தேன்மொழியின் போனுக்கு நீல உறை மாட்டி, செயலிக்குள் நுழைய ஒரு கள்ளவழியும் செய்து, கல்யாணம் முடித்து அனுப்பினேன். நீல நிறுவனம் அந்த வழியை அடைக்கும், நான் திறப்பேன். மற்ற அப்பாக்கள் தீபாவளிக்குச் சீர் செய்கிறார்கள். நான் வாராவாரம் செய்தேன்.

போன வாரம் பலமாக அடைத்துவிட்டார்கள். மகள் அந்த வீட்டில் ஊமை. நான் திணறிக்கொண்டிருந்தபோது வாசலில் வத்சலா அம்மா. தொலைந்தது கல்யாணம் என்று எழுந்து நின்றேன்.

"என்ன சம்பந்தி, இன்னும் சரியாகலையா?" என்றபடி தன் போனின் நீல உறையைக் கழற்றினார். உள்ளே பச்சை.

"எங்கப்பாதான் எனக்கு வழி பண்ணிக் குடுத்துட்டிருந்தார். அவர் போனப்புறம் ஒரு வருஷம் வீட்ல நான் பேசவே இல்லை. அடங்கிட்டேன்னு எல்லாருக்கும் சந்தோஷம். உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சு, உங்க வழியில என்னையும் ஏத்திவிட்டா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க, உங்களுதை முதல்ல பார்த்துடறேன்."

"அவளுதைப் பாருங்க. காலைலேர்ந்து சாப்பிட்டாளான்னு தெரியலை. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு வாய்விட்டா கேக்க முடியும்?"