கறக்காமல் விட்ட மாடு

1972. இலங்கையிலிருந்து திரும்பி, கோத்தகிரி எஸ்டேட்டில் குடியேறிய தெய்வம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தைக்கு அழவும் தெம்பில்லை.

அவள் வேலை பார்த்த பங்களாவில் ஒரு போலந்துக்கார அம்மாள் தனியாக இருந்தாள். மாடு கிடையாது. பால்காரனும் வருவதில்லை. ஆனாலும் தினமும் விடியும்போது சமையற்கட்டு வாளியில் நுரையோடு பால் இருந்தது. சித்திரையிலும் வாளியின் விளிம்பில் பனிக்கட்டித் துகள் ஒட்டியிருந்தது.

"இது யார் வீட்டு மாடுங்க, துரைசாணி?"

"என்னோடதுதான். போலந்துல, தர்நோபோல் மாகாணத்துல வளர்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுல, பனிக்காலத்துல, ரஷ்யச் சிப்பாய்ங்க வந்து எங்களை ரயில்ல ஏத்திட்டாங்க. கறக்காம விட்டுட்டு வந்தேன். கத்திட்டே இருந்துச்சு."

"அப்புறம் திரும்பிப் போகலையா?"

"எங்க போறது? யுத்தத்தோட அந்த மாகாணமே போலந்துல இல்லாமப் போச்சு. குழந்தைக்குக் கொஞ்சம் கொண்டு போ."

"செத்த மாட்டுப் பால் எம் புள்ளைக்கு வேணாங்க."

"நீ எதையும் விட்டுட்டு வரலியா?"

தெய்வம்மா வாளியைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தாள். விலைபேசியவன் வராததால், தன் செவலைப் பசுவை இலங்கையில், அட்டன் கொட்டகையில் கட்டியபடியே விட்டுவிட்டுத்தான் அவள் கப்பலேறினாள்.

மறுநாள் விடியலில் வாசலில் மாடு கத்தியது. கதவைத் திறந்தாள். மாடு இல்லை. படியில் ஒரு செம்பு நிறைய வெதுவெதுப்பான பால். வாசற்கம்பத்தில், அட்டனில் அவள் போட்ட அதே முடிச்சோடு கயிறு தொங்கியது.

தெய்வம்மா குழந்தையை மடியில் கிடத்திச் சங்கை எடுத்தாள். அது குடித்து முடிக்கும்வரை கயிற்றிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.