ரோஸ்மேரி மறுபடி நின்றது

கொடைக்கானல் ஏரியின் நட்டநடுவில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றேவிட்டது.

“ஆரம்பிச்சிருச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் விசாலாட்சி.

அந்த மோட்டார் லாஞ்சில் அவளோடு புதுச் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் இருந்தார்கள். சீசனுக்காக மதுரையிலிருந்து வந்தவர்கள். அவள் புருஷன் ஞானவேல் நடுவிலிருந்த மரமூடியைத் தூக்கி எஞ்சினுக்குள் தலையை விட்டார். ஹாண்டிலைச் சுழற்றினார். புகை வந்தது. கூடவே மழையும் வந்தது.

கடைசியில் ஒரு துடுப்புப் படகுக்காரர் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவந்தார்.

“பரவாயில்லைங்க” என்றாள் சம்பந்தியம்மா, பட்டுப்புடவையைப் பிழிந்தபடி. அந்த ‘பரவாயில்லைங்க’தான் விசாலாட்சிக்குத் தாங்கவில்லை.

ரோஸ்மேரி, சீமைக்குக் கப்பலேறிய ஒரு எஸ்டேட் துரை விட்டுப்போன லாஞ்சு. மரமெல்லாம் தேக்கு. எஞ்சின் யுத்தத்துக்கு முந்தியது. மராமத்து இலாகாவில் ரிட்டையர் ஆன கையோடு ஞானவேல் அதை ஆசையாக வாங்கிப்போட்டார். முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இந்த வருஷம் வாராவாரம் நிற்கிறது. வாராவாரம் பஜாரிலிருந்து மெக்கானிக் தஸ்தகீர் வருகிறார். காலையில் மூடியைத் திறந்தால் உச்சிவேளை வரைக்கும் இருவரும் குனிந்த தலை நிமிர்வதில்லை.

மறுநாள் தஸ்தகீர் வந்ததும் விசாலாட்சி பிடித்துக்கொண்டாள்.

“ஏன் பாய், ஒரு எஞ்சினை எத்தனை தடவைதான் ரிப்பேர் பண்ணுவீங்க?”

“பழைய எஞ்சினும்மா. மேக்னெட்டோ கொஞ்சம் மக்கர் பண்ணுது.”

“போன வாரமும் மேக்னெட்டோன்னுதானே சொன்னீங்க?”

“அது வேற மக்கரும்மா.”

“சம்பந்தி முன்னால மானம் போச்சு. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா திண்டுக்கல்லருந்து வேற ஆளை வரவழைச்சிருவேன். சொல்லிட்டேன்!”

தஸ்தகீர் தலையைக் குனிந்துகொண்டார். ஞானவேலும் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். லாஞ்சில் விட்டுவந்த பிளாஸ்க்கை எடுக்கப் படகுக் கொட்டகைக்குப் போனாள் விசாலாட்சி. மரமூடி திறந்து கிடந்தது. ஞானவேல் ஸ்பேனரும் கையுமாக எஞ்சினில் ஒரு வயரின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். முடுக்கவில்லை. தளர்த்திக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

ஸ்பேனர் கை நழுவி லாஞ்சின் அடிப்பலகையில் விழுந்தது.

“சத்தம் போடாதே. நாளைக்கு தஸ்தகீர் வரணுமில்ல?”

“அதுக்காக நல்லா இருக்கிற எஞ்சினைக் கெடுப்பீங்களா?”

“வேற என்ன பண்றது? அவன் சம்சாரம் சபுரா தவறினதிலேருந்து பட்டறையைச் சரியாத் திறக்கிறதில்லை. மகன் இருக்கிறது சிங்கப்பூர்ல. சும்மா வந்துட்டுப் போய்யான்னா வரமாட்டேங்கிறான். எஞ்சின் ஓடலைன்னா மட்டும் பையைத் தூக்கிட்டு ஓடிவர்றான். வர்ற அன்னைக்குத்தான் ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடறான்.”

“சம்பந்தியை ஏத்திக்கிட்டு நடு ஏரியிலயா அவருக்குச் சோறு போடணும்?”

“அவங்க திடீர்னு ஏறுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? லூஸா விட்டிருந்தேன். ஏறினப்புறம் எப்படிச் சொல்றது?”

விசாலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷரை என்னென்ன பேசிவிட்டோம் என்று இன்னொரு பக்கம் உறுத்தியது.

“முதல்ல அந்த நட்டை முடுக்குங்க. இனிமே எஞ்சின்ல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

அவர் சத்தியம் செய்தார். முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

அங்கிருந்து நேராக பஜாருக்குப் போனாள். பட்டறையில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே தஸ்தகீர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் பாய். மனசுல வச்சுக்காதீங்க.”

“உங்க மேல என்னம்மா தப்பு?” என்று எழுந்து நின்றார் தஸ்தகீர். கொஞ்சம் தயங்கினார். “உங்ககிட்ட மறைக்க மனசு வரல. எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. சார்தான் வயரைத் தளர்த்தி விட்டுர்றாரு.”

விசாலாட்சி திகைத்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“மொதத் தடவையே தெரிஞ்சுபோச்சு. அது தானாக் கழல்ற நட்டு இல்லம்மா. உத்தியோகத்துல ஊரையே வேலை வாங்கின மனுசன், இப்பச் சோலியில்லாம சுவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்துர்றாரு. பேச்சுத்துணைக்கு வான்னு வாய்விட்டுக் கேக்க வெக்கம் போல. எனக்கு வீட்டை விட்டு எங்கிட்டும் போக மனசில்லம்மா. சாருக்காகத்தான் எந்திரிச்சு வர்றேன். வெரசா முடியிற வேலைய மத்தியானம் வரைக்கும் இழுக்கிறேன். எனக்குத் தெரியும்னு சார்கிட்ட சொல்லிராதீங்க, சங்கடப்படுவாரு.”

“நாளைக்குக் காலையில வந்து எஞ்சினை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க பாய்” என்றாள் விசாலாட்சி. வீட்டுக்கு வந்து ஞானவேலிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை தஸ்தகீர் வெள்ளனே பையோடு வந்துவிட்டார். மூன்று பேரும் லாஞ்சில் ஏறினார்கள். ஹாண்டிலை ஒரு சுற்றுதான் சுற்றினார் ஞானவேல். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ரோஸ்மேரி அக்கரைக்குப் போய், ஒரு விக்கல்கூட விக்காமல் திரும்பி வந்தது.

கரையில் இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“நல்லா ஓடுதுங்க சார்” என்றார் தஸ்தகீர் மெதுவாக.

“ஆமாய்யா. ஒண்ணும் குறையில்லை” என்றார் ஞானவேல், இன்னும் மெதுவாக.

“அப்ப நான் வரட்டுங்களா?” தஸ்தகீர் பையைத் தோளில் மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்று எரிந்துவிழுந்தாள் விசாலாட்சி. “வழி நெடுக டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, உங்க ரெண்டு பேருக்கும் காது கேக்கலையா?”