காட்டிக் கொடுக்காத பக்கம்

“பதினெட்டு வருஷமா பெருங்குடல்ல அழற்சி. ஒரு தடவைகூட கேமராக் குழாய் விட்டுப் பாக்கலையா?” இடுப்பில் கைவைத்துக் கேட்டாள் நர்ஸ்.

“ரத்தம் எதுவும் போகலையே...” கட்டிலில் படுத்திருந்தவர் மழுப்பினார்.

“நாள்பட்ட அழற்சி புற்றுக்கட்டி ஆகலாம். அது இடப்பக்கம் வந்தா ரத்தம் காட்டிக் கொடுக்கும். வலப்பக்கம் வந்தா கமுக்கமா வளரும். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமலா? அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

சோதனை முடித்த லேடி டாக்டர் பெருமூச்சு விட்டார். “வலப்பக்கம்தான் இருக்கு. நல்லவேளை, சின்னதா இருக்கும்போதே மாட்டிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணிட்டா பொழைச்சுக்கலாம்.”

வரவேற்பறைப் பெண் கதவைத் தட்டினாள். “வெளியில முப்பது பேஷண்ட் காத்திருக்காங்க. பெரிய டாக்டர் எங்கேன்னு கேக்குறாங்க.”

நர்ஸ் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“குழாய் விட்டுப் பாக்காதவங்களை எல்லாம் கண்டபடி திட்டுவாரே, அவர்தானே? பேண்ட் மாட்டிக்கிட்டு இருக்கார்னு சொல்லு!”