வௌவால்

நிஜ ஆட்டங்களில் ஆடும் வீரர்களைத் தேர்ந்து, போனில் அணி சேர்த்து ஆடும் கால்பந்து லீக்கில், எபநேசர் யாரைக் கேப்டனாக வைத்தாலும் ‘வௌவால்’ என்ற பெயரில் ஆடும் யாரோ அதே வீரனை வைத்தார்கள். ஆபீஸில் பக்கத்து மேசை ரூபன்தான் எட்டிப் பார்க்கிறான் என்று எபநேசர் முடிவுகட்டினான். அவனைச் சிக்கவைக்க, அடிபட்டு ஆட்டத்துக்கே வராத ஒருவனைக் கேப்டனாக்கி, போனைத் திறந்தபடியே மேசையில் விட்டான். ரூபன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில், பந்துச் சத்தம் கேட்டாலே சேனலை மாற்றச் சொல்லும் மனைவி ஷெர்லி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னங்க, முட்டி ஒடஞ்சு கெடக்கறவனப் போயி கேப்டனாக்கியிருக்கீங்க?”

எபநேசர் போனைக் கவிழ்த்து வைத்தான். சற்று யோசித்து, அவளும் தன் போனைக் கவிழ்த்தாள்.

இரண்டு போனிலும் அந்த முட்டி ஒடிந்தவன்தான் கேப்டன்; ஆட்டம் தொடங்குமுன் அணியை மாற்ற இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இருவரும் போனைத் தொடவில்லை.