பெயர் சொல்ல விரும்பாதவர்

மொட்டைக் கடிதத்தின் முதல் வரியிலேயே கேபிள்காரருக்குத் தெரிந்துவிட்டது. எழுதியது அவருடைய மாமியார்தான்.

மொட்டைக் கடிதத்தில் யாராவது 'பொருள்', 'பார்வை' என்று போட்டு, அடியில் சிவப்புக் கோடு இழுப்பார்களா? 'இணைப்பு: இல்லை' என்று வேறு. கையெழுத்துப் போடும் இடத்தில், 'இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாதவர்'. டெலிபோன் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரைத் தவிர, இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி எழுத வராது.

"இது எப்ப சார் வந்துச்சு?" என்றார் கேபிள்காரர்.

"போன வாரம்" என்றார் போன் துறை அதிகாரி. "இன்னிக்குப் பதினோரு மணிக்கு வந்தா கையும் களவுமா பிடிக்கலாம்னு தெளிவா எழுதியிருக்கு."

"எனக்கும் ஒண்ணு வந்திருக்கு" என்று, அதே சிவப்புக் கோட்டோடு இன்னொரு கடிதத்தை நீட்டினார் இன்டர்நெட் துறை அதிகாரி.

டி.வி. துறை அதிகாரிக்குக் கடிதமெல்லாம் தேவைப்படவில்லை. இன்று பதினோரு மணிக்கு வந்து சீல் வைப்பதாக அவர் பத்து நாள் முன்பே நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அரக்கும் மெழுகுவர்த்தியுமாக வந்து நின்றார்.

குற்றம் இதுதான்: டி.வி.க்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டு, அதே ஒயரில் போனும் இன்டர்நெட்டும் கொடுத்தது. இதற்கு அனுமதி கேட்டு கேபிள்காரர் ஏறாத மாடி இல்லை. டி.வி. மாடி அவரைப் போன் மாடிக்கு அனுப்பியது. போன் மாடி இன்டர்நெட் மாடிக்கு அனுப்பியது. அது திரும்ப டி.வி. மாடிக்கே அனுப்பியது. லிஃப்ட்காரர் தன் பெண் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகையே வைத்துவிட்டார்!

நோட்டீஸ் வந்ததை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பீரோவில் சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். முந்நூறு வீட்டுக்குத் தெருத் தெருவாக ஒயர் இழுத்த உழைப்பு. எல்லா ஒயரும் கிளம்பும் இந்த கண்ட்ரோல் ரூமைப் பூட்டினால் பிழைப்பு போச்சு. ஒரு துறைக்கே பதில் சொல்ல முடியவில்லை. இதில் மாமியார் இன்னும் இரண்டு துறையை ஏவிவிட்டிருக்கிறார்!

"நகருங்க, சீல் வைக்கணும்" என்று டி.வி. அதிகாரி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார்.

"நில்லுங்க" என்றார் போன் அதிகாரி. "இந்த ஒயர்ல போன் போகுது. என் அனுமதி இல்லாம நீங்க எப்படி நிறுத்தலாம்?"

"போன்னு தனியா ஒண்ணு இல்லவே இல்ல சார்" என்றார் இன்டர்நெட் அதிகாரி. "பேச்சு, படம், எல்லாம் இன்டர்நெட்தான்."

"கேட்டீங்களா! மூணு மாடி வச்சிருக்கிற என் துறையே இல்லைங்கிறாரு!"

"சரி, சண்டை வேண்டாம்" என்றார் டி.வி. அதிகாரி. "அவங்கவங்க பங்கை மட்டும் வெட்டிக்குவோம். ஏம்பா, இதுல டி.வி. எந்தப் பக்கம் போகுது?"

"பக்கமெல்லாம் கிடையாது சார். இது கண்ணாடி இழை ஒயர். எல்லாம் ஒண்ணா, வெளிச்சமா போகுது."

"மேல போகுதா, கீழ போகுதா?"

"உள்ள போகுது சார்."

மூன்று பேரும் குனிந்து ஒயரை உற்றுப் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி பாதியாகிவிட்டது.

கடைசியில் இன்டர்நெட் அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒரே பொருளுக்கு ஒண்ணுக்கு மேல துறை உரிமை கேட்டா, கூட்டுக் குழுதான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"குழு எப்ப சார் கூடும்?" என்றார் கேபிள்காரர்.

"தலைவர் எந்தத் துறைன்னு முடிவானதும்."

"அதை யார் முடிவு பண்ணுவாங்க?"

"குழுதான்!"

'தற்போதைய நிலை தொடரலாம்' என்று எழுதி, மூன்று கையெழுத்தும் மூன்று முத்திரையும் வைத்துக் கதவில் ஒட்டிவிட்டு, மூன்று ஜீப்பில் ஏறிப் போனார்கள். போகும்போது டி.வி. அதிகாரி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேபிள்காரர் குதிக்காத குறை. அவரே எதிர்பார்க்காத அதிர்ஷ்டம்! ஆனால் போட்டுக் கொடுத்தது போட்டுக் கொடுத்ததுதானே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேள்விகளை வரிசையாகத் தயார் செய்துகொண்டே வந்தார்.

மாமியார், மாப்பிள்ளையின் ஒயரில் வந்த சீரியலைப் பார்த்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! இந்த வீட்டுல இருந்துகிட்டே எனக்குக் குழி பறிச்சிட்டீங்களே! என்னமோ என் நல்ல நேரம், தப்பிச்சேன்!"

மாமியார் சத்தத்தைக் குறைத்தார். "மூணு பேரும் வந்தாங்களா?"

"வந்தாங்க!"

"ஒரே நேரத்துலயா?"

"ஆமா, ஒரே நேரத்துலதான்!"

"அப்பாடா!" என்றவர், மடித்து வைத்திருந்த மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து நீட்டினார். அதன்மேல் அந்த நோட்டீஸ் இருந்தது. 'பார்வை' என்று எழுதி, சிவப்புக் கோடும் இழுத்திருந்தார்.

"ஒரு துறை வந்தா ஒயரை வெட்டிடும் மாப்பிள்ளை. மூணு துறை சேர்ந்து வந்தா குழுதான் போடும். முப்பத்தோரு வருஷம் நான் அங்க சும்மாவா உக்காந்திருந்தேன்?"