நடந்தே ஏறணும்

முப்பது வருஷம் வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலையை மிதித்த பூட்ஸ் அது. ஹெவினின் குதிகாலை இரண்டாவது மைலிலேயே கடித்து வைத்துவிட்டது.

பாறையில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தான். காலுறையில் ரத்தம். பூட்ஸ் தோலோ வளைவேனா என்று விறைத்து நின்றது.

"அப்பா இதை மாட்டிக்கிட்டு வருஷா வருஷம் எப்படித்தான் ஏறினாரோ!"

"அவருக்கு இரும்புக் கால். உனக்கு பஸ் டிரைவர் கால்" என்றாள் அவன் மனைவி நெரிஸ். பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினாள். மழையும் பாதி கலந்துதான் குடிக்க வேண்டியிருந்தது.

ஹெவினின் அப்பா கெரைன்ட் போன நவம்பரில் போய்ச் சேர்ந்தார். கடைசி ஆறு வாரம் அவரை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட இல்லத்துக்கு நிதி திரட்டத்தான் இந்த மலையேற்றம். மழைக்கோட்டுக்குள்ளே பனியன் முழுக்க அப்பாவின் சிரித்த முகம். தெருவே பணம் தருவதாகப் பெயர் கொடுத்திருந்தது, ஒரே நிபந்தனையோடு: உச்சி வரை நடந்தே ஏறணும்.

நிதி ஊருக்குச் சொன்ன காரணம். ஹெவினுக்கு உள்ளே வேறொன்று இருந்தது.

ஒவ்வொரு மே மாதமும் பிறந்தநாளன்று கெரைன்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். "நானும் வரேன்பா" என்று ஹெவின் பத்து வயதில் கேட்டான். "உனக்கெல்லாம் மலை ஒத்து வராதுடா. பாதியில உன்னை நான்தான் தூக்கிச் சுமக்கணும்" என்றார். நாற்பது வயதில் கேட்டபோதும் அதே பதில்தான். சாகக் கிடந்தவரிடம், "உங்க பேர்ல மலை ஏறப்போறேன்பா" என்று சொன்னான். மனிதர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் ஆறு மாதமாக அவனைத் தூங்கவிடவில்லை.

பக்கத்திலேயே மலை ரயில் போயிற்று. இன்ஜின் பின்னாலிருந்து முக்கித் தள்ள, பெட்டிக்குள் கதகதப்பாக உட்கார்ந்திருந்தவர்கள் கையாட்டினார்கள்.

"எமகாதகனுங்க. கேக் வேற தின்னுறானுங்க பாரு" என்றாள் நெரிஸ். "ஹெவின், அடுத்த ஸ்டேஷன்ல கார்டு காலைப் பிடிச்சாவது ஏறிக்கலாமா? யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்பா என்ன சொல்வார் தெரியுமா? ரயில்ல உச்சிக்குப் போறவன் மனுஷன் இல்லை, மூட்டை."

"உங்க அப்பா ஆயிரம் சொல்வார். கால் யாருது?"

"என்னுதுதான். விடு, ஏறுறேன்."

கடைசி மைலில் மூட்டு மடங்கவே மறுத்தது. பத்தடிக்கு ஒருதரம் நின்றான். எழுபது வயதுக் கிழவிகள், நாய்கள், இடுப்பில் பிள்ளையைக் கட்டிய ஒரு தகப்பன் என்று எல்லோரும் "சாரி" சொல்லி அவனைத் தாண்டிப் போனார்கள். திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்து, இரண்டு தடவையும் விழுங்கிக்கொண்டான். அழுகை முட்டியது. மழை பெய்ததால் நெரிஸுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

உச்சிக்கு வந்தால் அங்கேயும் வரிசை. உச்சிக்கல்லைத் தொட அரை மணி நேரம் காத்து நின்றார்கள். தொட்டான். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளம்பி ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏறிட்டேன், நெரிஸ்."

"ஏறிட்ட, ராசா. அவர் வாயை அடைச்சுட்ட" என்றாள்.

சற்றுக் கீழே ரயில் நிலையத்துக் கூரைக்கடியில் போய் விழுந்தாற்போல் உட்கார்ந்தான். மழைக்கோட்டைக் கழற்றிப் பிழிந்தான். பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வயதான ரயில் கார்டு அவன் மார்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அட, நம்ம கெரைன்ட்!" பக்கத்தில் வந்து கீழே அச்சிட்டிருந்த தேதியைப் படித்தவர், தொப்பியைக் கழற்றிவிட்டார். "போயிட்டாரா? இந்த மே மாசம் ஆளையே காணோமேன்னு நினைச்சேன்."

"என் அப்பா. அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன தம்பி? முப்பது வருஷப் பழக்கம். பிறந்தநாள் தவறாம இங்க வந்து நிப்பார். ஒரு காபி குடிப்பார். உங்களைப் பத்திதான் ஓயாம பேசுவார்."

ஹெவின் எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டுவிட்டான்.

"எனக்கு அஞ்சரை மணி நேரம் ஆச்சு. அப்பாவுக்கு மேல வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவருக்கா? ஒரு மணி நேரம்தான்."

ஹெவின் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். இத்தனை பாடுபட்டும் கிழவர் முன்னால் அவன் தோற்றுத்தான் போயிருக்கிறான். அவர் சிரித்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது.

நெரிஸுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன கதை விடுறீங்க? எழுபத்தெட்டு வயசுலயும் ஒரு மணி நேரமா?"

கார்டு அவளை விநோதமாகப் பார்த்தார்.

"அவர் வயசுக்கும் எங்க ரயிலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"